ஒரு பாட்டுக்குப் பிழைத்திருத்தல் பத்திரம்

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையில் அமராவதி பாடினால் கடலைச் செடி ஒன்றுக்கு நாலு காய் கூடப் பிடிக்கும். இதை நான் சொல்லவில்லை. வேளாண்மை ஆபீசிலிருந்து வந்த ஒருவர், அவள் உட்கார்ந்து பாடுகிற வரப்புக்கு இந்தப் பக்கம் பத்துச் செடி, அந்தப் பக்கம் பத்துச் செடி பிடுங்கி எண்ணிப் பார்த்தார். பிறகு நோட்டில் எதையும் எழுதாமல் மூடிக்கொண்டு போய்விட்டார். எழுதினால் மேலிடத்தில் கேள்வி வரும் என்று அவருக்குப் பயம்.

அமராவதி என் தம்பி மகன் ரெங்கராஜின் மனைவி. அவன் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். இவள் இங்கே நாலு வருடமாக ஒரு சேனல் வைத்திருக்கிறாள். கடலை உடைக்கும்போது, துணி துவைக்கும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது பழைய சினிமாப் பாட்டுப் பாடிப் போடுவாள். நாற்பத்தோராயிரம் பேர் கேட்கிறார்கள். எங்கள் ஊரின் மக்கள்தொகையை நான் அதோடு ஒப்பிட்டதில்லை, மனசு சங்கடப்படும்.

இந்த மாசி மாதத்தில் பதினைந்து நாள் இடைவெளியில் அவளுக்கு இரண்டு நோட்டீஸ் வந்தன. முதலாவது, கரோக்கி இசையை ஓடவிட்டுப் பாடிய ஒரு பாட்டுக்கு. இரண்டாவது, அவள் புளி தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து டீக்கடை ரேடியோவில் ஓடிய பாட்டுக்கு. அதை இவள் பாடக்கூட இல்லை. இரண்டும் காப்பிரைட் என்று போட்டு, அந்த வீடியோக்களை எடுத்துவிட்டார்கள். தொண்ணூறு நாளுக்குள் மூன்றாவது வந்தால் சேனலையே மூடிவிடுவார்கள், அவள் பேரில் இன்னொன்று திறக்கவும் விடமாட்டார்கள் என்று கீழே கண்டிருந்தது.

அவள் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் புதுக்கோட்டை சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நாற்பத்தொரு வருடம் பத்திர எழுத்தராக இருந்தவன். பெரியண்ணன் எழுதிய பத்திரம் என்றால் கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்லுவேன்: பங்காளி இல்லாமல் ஒரு வில்லங்கமும் வந்து நான் பார்த்ததில்லை. நாலு வருடம் சும்மா இருந்த இடத்தில் பதினைந்து நாளில் இரண்டு நோட்டீஸ் வருகிறது என்றால், பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து மொட்டைப் பெட்டிசன் போடுகிறான் என்று அர்த்தம். அப்படித்தான் அவளிடம் சொன்னேன்.

முதலில் முறைப்படி அந்தக் கரோக்கிப் பாட்டுக்கு வில்லங்கச் சான்று கேட்டு மனுப் போட்டேன். பாட்டு யார் பேரில் இருக்கிறது, யாருக்குக் கைமாறியது என்பது முப்பது வருடத்துக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மனுவில் சர்வே எண் கேட்ட இடத்தில் படம் வந்த வருடத்தை எழுதினேன். நான்கெல்லை கேட்ட இடத்தில், பல்லவிக்கு மேற்கு, இரண்டாம் சரணத்துக்குக் கிழக்கு என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் அதை மூன்று முறை படித்துவிட்டு, இது ஆலங்குடி வட்டத்தில் வருமோ என்று கேட்டது. கடைசியில் சார்பதிவாளரே எழுந்து வந்து, பாட்டெல்லாம் இங்கே பதிவாவதில்லை என்றார். அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தால் அந்தப் புத்தகத்தை அவர்கள் எங்கேயோ ஒளித்து வைத்திருப்பது போல்தான் பட்டது.

அதற்குள் ஊர் முழுக்கச் சந்தேகம் பரவிவிட்டது. அமராவதிக்கு அவள் நாத்தனார் செல்வராணி மேல் சந்தேகம். செல்வராணி சமையல் சேனல் வைத்திருக்கிறாள். அதை எழுநூறு பேர்தான் பார்க்கிறார்கள். செல்வராணிக்கு டீக்கடைக்காரர் மேல் சந்தேகம். டீக்கடைக்காரருக்கு என் மேல் சந்தேகம். நான் ஆபீஸ் வாசலில் இருந்த காலத்தில் கையெழுத்தில்லாத மனு நானூறு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் சொல்லித் திரிந்தார். அது அநியாயம். முந்நூற்றுச் சொச்சம்தான்.

யார் எதைக் கேட்டு யாரிடம் போட்டுக்கொடுப்பார்களோ என்று ஊரில் பாட்டுச் சத்தமே நின்றுபோனது. தைலமரத்துக் காட்டில் வேலைக்குப் போனவர்கள் வாயை மூடிக்கொண்டு மரம் வெட்டினார்கள். டவுன் பஸ் எங்கள் எல்லைக்குள் நுழைந்ததும் டிரைவர் பாட்டை அணைத்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நடந்தார். தவில் மட்டும் அடித்தார்கள். சினிமாப் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்த ஒருவர், போன் அடித்தால் மோட்டார் ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் எடுப்பார். அவர் மனைவி அதைத் தனியாகச் சந்தேகப்பட்டது வேறு விவகாரம்.

இது முற்றிப்போய் ஒரு நாள் செல்வராணி வந்து அமராவதி வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணி, நாந்தான்னு நெனக்கிறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லல. நேத்து நான் ரசம் வைக்கிற வீடியோவுக்கு லைக் போடாம இருந்தீங்கல்ல, அது என்ன?"

இதற்கு மேல் பேச்சு போனால் நல்லதல்ல என்று, அய்யனார் கோயிலில் எல்லாரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிடுவோம் என்று நான் யோசனை சொன்னேன். எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் என்றால் எட்டு நாளில் காட்டிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாற்பத்து மூன்று பேர் சத்தியம் செய்தோம். செல்வராணி அடித்த அடியில் பக்கத்துச் சன்னதி விளக்கும் சேர்ந்து அணைந்தது. டீக்கடைக்காரர் இரண்டு கையாலும் அடித்தார். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். என் முறை வந்தபோது நான் கை ஓங்குவதற்குள் காற்றே அணைத்துவிட்டது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பூசாரி வீரய்யாவுக்கும் தெரியவில்லை. சாமி உங்களை முந்திக்கொண்டது என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

சாட்சி இல்லாத காரியம் எதுவும் எனக்குப் பிடிக்காது. அதனால் அமராவதியின் போனை வாங்கி, மொத்தத்தையும் நானே வீடியோ பிடித்தேன். வெளியூரில் இருக்கிற குற்றவாளிக்கும் தெரியட்டும் என்று, அவளிடம் கேட்டுக்கொண்டு, 'நாற்பத்து மூன்று பேர் குற்றமற்றவர்கள்' என்று தலைப்பு வைத்து அவள் சேனலிலேயே போட்டேன். பொத்தானை அழுத்தியது இந்த விரல்.

நாலாம் நாள் மூன்றாவது நோட்டீஸ் வந்தது. அதற்குக் காரணம், சத்தியம் நடந்த பதினோரு நிமிடமும் கோயில் குழாய் ஸ்பீக்கரில் அய்யனார் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் முப்பது வருடமாக ஓடுகிற பாட்டு. முன்பு கேசட்டில் ஓடியது, இப்போது பென்டிரைவில் ஓடுகிறது. அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கக்கூடும் என்று ஊரில் யாரும் நினைத்ததே இல்லை. வேப்பமரத்தை யார் எழுதினார்கள் என்று யாராவது கேட்பார்களா?

அமராவதி அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மாமா, கல்யாணமாகி வந்ததுலேருந்து இந்த வீட்டுல நான் வாயத் தொறந்து பாடினா, ஒலை வச்சாச்சான்னு கேப்பாங்க. மேடையில ஏற விட மாட்டாங்க. கோயில்ல பாட விட மாட்டாங்க. எனக்கு இருந்த எடம் அது ஒண்ணுதான்."

திருக்கோகர்ணத்தில் சரண்யா என்று ஒரு வக்கீல் பெண் இருக்கிறது. அதன் அப்பா வாங்கிய வீட்டுக்குப் பத்திரம் எழுதியவன் நான். மறுநாளே அமராவதியைக் கூட்டிக்கொண்டு போனேன். சரண்யா மூன்று நோட்டீஸையும் படித்துவிட்டு, முதல் இரண்டுக்குப் பின்னால் பங்காளியும் இல்லை, பெட்டிசனும் இல்லை என்றது. பாட்டு உரிமை வைத்திருக்கிற கம்பெனிகள் இப்போதெல்லாம் தங்கள் பாட்டு எங்கெங்கே ஓடுகிறது என்று மெஷின் வைத்துத் தேடுகின்றன. பின்னால் மெல்லிசாக ஓடினாலும் பிடித்துவிடும் என்றது. எந்த மெஷின் தானாக மனு எழுதும் என்று கேட்டேன். எழுதும் என்றது. நாற்பத்தொரு வருடம் வீணாய்ப் போனதுபோல் இருந்தது.

ஒரு பாட்டில் வரிக்கு ஒருத்தர், மெட்டுக்கு ஒருத்தர், பதிவுக்கு ஒருத்தர் என்று மூன்று பேருக்கு உரிமை இருக்கலாம் என்று சரண்யா விளக்கியது. இது எனக்கு உடனே பிடிபட்டது. நிலம் ஒருத்தர் பேரில், கிணறு ஒருத்தர் பேரில், அதில் நிற்கிற புளியமரத்துக்கு மரப்பட்டா இன்னொருத்தர் பேரில் இருக்கிற சொத்துகள் நான் எத்தனையோ எழுதியிருக்கிறேன். அடுத்தவர் பாட்டைத் திரும்பப் பாடிப் பதிவு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறதாம். முதல் பதிவு வந்து ஐந்து வருடம் கழிய வேண்டும், முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும், வரியை மாற்றக் கூடாது. ஆனால் அது வெறும் ஒலிப்பதிவுக்குத்தான். படத்தோடு சேர்த்து வீடியோவாகப் போட அது போதாது, உரிமைக்காரரிடம் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

"அப்ப கோயில்ல பாட்டுப் போட்டதே தப்பாம்மா?" என்றேன்.

"அது தப்பில்லங்க ஐயா. சாமி காரியத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் பாட்டுப் போட்டுக்கலாம்னு சட்டமே விட்டுருக்கு. அதப் படம் புடிச்சு ஒலகத்துக்கே போட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் சட்டம் விடல."

அமராவதி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதையே பார்த்தேன்.

மூன்றாவது நோட்டீஸ் மட்டும் மெஷின் இல்லை, ஓர் ஆள் உட்கார்ந்து கையால் எழுதிக் கொடுத்தது என்றது சரண்யா. எனக்கு உயிர் வந்தது. பேர் ஆரோக்கியதாஸ், ஊர் மீமிசல். சேனலில் விளம்பரம் வருகிற தகுதி இருப்பதால் மூடுவதற்கு முன் ஏழு நாள் தவணை உண்டு. அதற்குள் அந்த மனிதர் தன் புகாரைத் திரும்பப் பெற்றால் இரண்டுதான் மிஞ்சும், சேனல் பிழைக்கும். சரண்யா அவருக்கு மெயில் போட்டது. மூன்று நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: நேரில் வரவும், ஐஸ் கம்பெனிக்கு எதிர் வீடு.

ஆறாம் நாள் காலை நானும் அமராவதியும் அறந்தாங்கி போய் மீமிசல் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்தேன். கடற்கரையில் இருக்கிற ஓர் ஆரோக்கியதாசுக்கு எங்கள் அய்யனார் பாட்டில் என்ன பாத்தியம் இருக்க முடியும்? போலிப் பட்டாக் கேஸ் என்று முடிவு கட்டினேன். மூலப்பத்திரம் கேட்டால் ஆள் ஓடிவிடுவான் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

கதவு பாதிதான் திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு முகம் எங்களைப் பார்த்தது.

"எந்தக் கம்பெனியிலேருந்து வர்றீங்க?"

"வல்லத்திராக்கோட்டையிலேருந்துங்க," என்றாள் அமராவதி.

"அந்தப் பேர்ல கம்பெனி வச்சிருக்காங்களா?"

சேனல் தன்னுடையது என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அப்படியென்றால் அய்யனார் பாட்டின் முதல் சரணத்தைப் பாடுங்கள் பார்க்கலாம் என்றார். அவள் வாசலில் நின்றபடி, கையில் பையோடு பாடினாள். ஐஸ் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. சரணம் முடிந்ததும் சங்கிலி விழுந்தது.

உள்ளே போய் உட்கார்ந்ததும், மூலப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். பாட்டு முழுக்க அவர் கையெழுத்தில் இருந்தது, அடித்தல் திருத்தலோடு, ஓரத்தில் ஸ்வரத்தோடு. அடித்தல் இருக்கிற நோட்டுதான் உண்மையான நோட்டு. திருடியவன் சுத்தமாக எழுதுவான். ஆள் சரி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவராம். தொண்ணூற்று நாலில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வாசிக்க வந்து, மழையில் மூன்று நாள் மாட்டிக்கொண்டார். எங்கள் ஆட்கள் சோறு போட்டு, எங்கள் சாமிக்கும் ஒரு பாட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வரியும் அவருடையது, மெட்டும் அவருடையது. திருச்சியில் பதிவு செய்ததும் அவர் செலவுதான். ஆக நிலம், கிணறு, மரம் மூன்றும் ஒரே ஆள். இப்போது ஊர் ஊராக எவனெவனோ தன் பாட்டென்று போட்டுக்கொள்கிறான், அதனால் போனும் கையுமாக உட்கார்ந்து தேடி, இதுவரை அறுபத்தொரு பேர் மேல் புகார் கொடுத்திருக்கிறேன் என்றார். அவரிடம் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்னேன். அட்டையில பேரு மட்டும் போடுங்கன்னேன். சரின்னாங்க," என்றவர், கேசட் அட்டையை அமராவதியிடம் நீட்டினார். "என்ன போட்டுருக்கு, படிங்க."

"பாடல், இசை: ஊர் அன்பர் ஒருவர்," என்று அவள் படித்தாள்.

"பேரப் போட்டா நாளைக்கு இவன் கோயில்ல பங்கு கேப்பான்னு எவனோ ஒரு பத்திரக்காரன் கோயில் கமிட்டிக்குச் சொல்லிருக்கான். அடிச்சுட்டாங்க."

"அப்படியும் ஆளுங்க இருக்காங்க," என்றேன்.

அமராவதி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பத்திரக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கவில்லை. ஒருவர்தான்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டிருந்தது. இரண்டு கிரயப் பத்திரத்துக்கு நடுவில் கமிட்டிக்காரர் அந்த அட்டையின் மாதிரியை என் மேசையில் வைத்தார். நான் நிமிர்ந்து பார்க்காமல் பேரை அடித்து, மேலே 'ஊர் அன்பர் ஒருவர்' என்று எழுதினேன். அரை நிமிட வேலை. வேறு எந்தப் பேராக இருந்தாலும் அடித்திருப்பேனா என்று இப்போது கேட்டால், அடித்திருப்பேன் என்றுதான் சொல்லுவேன். அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பேர் வேண்டும், அதுவும் எழுத்தில் வேண்டும், அப்போதுதான் புகாரைத் திரும்பப் பெறுவேன் என்றார் ஆரோக்கியதாஸ். இதற்கு எங்கள் தொழிலில் சரியான பத்திரம் உண்டு. பழைய பத்திரத்தில் பேரோ அளவோ தப்பாய் விழுந்துவிட்டால் பிழைத்திருத்தல் பத்திரம் போடுவோம். அவர் கொடுத்த வெள்ளைத்தாளில் எழுதினேன். 'மேற்படி கேசட்டின் அட்டையில் ஊர் அன்பர் ஒருவர் என்று கண்டது பிழை. அதை மீமிசல் ஆரோக்கியதாஸ் என்று திருத்தி வாசிக்க வேண்டியது. மேற்படி பாட்டு அய்யனார் கோயில் குழாயில் ஓடும் நாளெல்லாம் முன்னதாக மேற்படியார் பேரைச் சொல்ல வேண்டியது.' அமராவதி அந்தப் பாட்டைப் பாடிப் போட அவர் சம்மதிப்பதாகவும் ஒரு வரி சேர்த்தேன், அவர் தலையாட்டினார். கோயிலில் பேர் சொல்ல பூசாரி ஒத்துக்கொள்வாரா என்று அவர் கேட்க, அமராவதி அங்கேயே போன் போட்டாள். வீரய்யா எல்லாம் கேட்டுவிட்டு, "யாரு எழுதினதுன்னு அய்யனாருக்கு மொதல்லேருந்தே தெரியுமே தாயி, நமக்குத்தான தெரியல. சொல்லிட்டாப் போச்சு," என்றார்.

தாளை மடிக்கப் போனேன்.

"மாமா," என்றாள் அமராவதி. "எழுதினவரு பேரு விட்டுப்போச்சு."

எந்தப் பத்திரத்துக்கும் அடியில் எழுதியவர் பேர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பத்திரமே இல்லை. இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். அவளுக்கும் ஒரு நாள் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். பேனாவைத் திரும்பத் திறந்தேன். மையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பையிலிருந்து வேறு பேனா எடுத்து நீட்டினாள்.

'எழுதியவர்: வல்லத்திராக்கோட்டை பத்திர எழுத்தர் பெரியண்ணன்' என்று எழுதினேன். எழுதிய பிறகு கை நிற்கவில்லை. 'மேற்படி பேரை அடித்தவரும் இவரே' என்றும் சேர்த்துவிட்டேன்.

ஆரோக்கியதாஸ் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கடைசி வரியில் வெகுநேரம் நின்றார். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீங்கதானா?"

"ஆமாங்க."

"முப்பது வருசமா ஒங்கள ஒரு ஆறடி ஆளா நெனச்சு வச்சிருந்தேன்."

அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

"நெசமாவே பங்கு கேப்பேன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்," என்றேன். "இப்பவும் கொஞ்சம் நெனக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தார். போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக ஏதோ தட்டினார். அமராவதி இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து, தண்ணீர் குடிப்பதுபோல் அவர் பின்னால் போய், எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று எட்டிப் பார்த்தேன். அவர் போனைச் சற்று மறைத்துக்கொண்டு அழுத்தினார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் மறைத்திருப்பேன்.

ஒரு மணி நேரம் ஓடியது. அவர் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது, சாப்பிடுங்கள் என்றார். புகாரைத் திரும்பப் பெற்றதற்கு நோட்டீஸ் வராமல் கை நனைப்பதில்லை என்று நான் சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் அமராவதியின் போன் சத்தம் கொடுத்தது. அவள் படித்துவிட்டுப் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

நான் போனை வாங்கி இரண்டு முறை வாசித்தேன். புகார் திரும்பப் பெறப்பட்டது, சேனல் தொடரும் என்று கண்டிருந்தது. கீழே எழுதியவர் பேர் இல்லை. ஆனாலும் ஏற்றுக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.